முத்திரை கேட்காத முயல்

ஒரு காட்டில் ரகசியம் பேசுவதற்கென்றே ஒரு மரம் இருந்தது, பிள்ளைகளே. நிற்கிற மரம் இல்லை. எப்போதோ விழுந்து, ஓடைக்குக் குறுக்கே கிடக்கிற மரம். அக்கரை முனை மேட்டில், இக்கரை முனை பள்ளத்தில். உள்ளே நெடுக, முயல் தலைகூட நுழையாத சின்னப் பொந்து. இந்த முனையில் பேசினால் அந்த முனையில் மட்டும் கேட்கும்.

ஒரே ஒரு குறை. நாணல் மண்டிக் கிடந்ததால், அந்த முனையில் இருப்பது யார் என்று தெரியாது.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அக்கரையில் இருப்பவர் முதலில் ஒரு களிமண் உருண்டையைப் பொந்துக்குள் உருட்டிவிட வேண்டும். அதில் அவருடைய கால் தடமும், பக்கத்தில் ஆமையின் ஓட்டு முத்திரையும் இருக்கும். ஆளை நேரில் பார்க்காமல் ஆமை முத்திரை குத்தாது. தாமரைத் தண்டு கொடுத்துக் கெஞ்சினாலும் குத்தாது. தண்டை மட்டும் தின்றுவிடும்.

முத்திரையைப் பார்த்த பிறகு சங்கேதம் பேசிக்கொள்வார்கள். அதற்கும் பிறகுதான் விஷயம்.

ஒரு மழை நாளில், இக்கரைக்குப் புல் மேய வந்த முயல் மாட்டிக்கொண்டது. ஓடையில் வெள்ளம். பாசி பிடித்த மரமோ மழையில் வழுக்கியது; அதன் மேல் ஏறியும் கடக்க முடியாது. அக்கரையில், யாருக்கும் தெரியாத வளையில் அதன் மூன்று குட்டிகள். சாயங்காலத்துக்குள் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். யானை போனால்தான் குட்டிகள் பிழைக்கும்.

"யானையண்ணே! யானையண்ணே!" என்று முயல் பொந்தில் கூப்பிட்டது.

யானை அங்கே இல்லை. நரி இருந்தது. நரிக்கு எல்லார் குரலும் வரும். மயில் வரும், பன்றி வரும், சளி பிடித்த யானைகூட வரும்.

"என்ன முயலம்மா?" என்றது கனத்த குரல்.

"வந்துட்டீங்களா அண்ணே! முத்திரையை உருட்டுங்க."

"மழையில நனைஞ்சு கொழகொழன்னு ஆயிடுச்சும்மா. என்ன, அவசரமா?"

"உயிர் போற அவசரம்!"

"அப்படியா. சரி, காயட்டும், காத்திருப்போம்."

"ஐயோ, வேணாம் அண்ணே! உங்க குரல் எனக்குத் தெரியாதா? முத்திரை கிடக்கட்டும். ஆனா சங்கேதம் கட்டாயம் வேணும். அந்த நரி ஒட்டுக் கேட்கும்."

"ஆமாமா. ரொம்பப் பொல்லாதது," என்றது நரி.

புளியமரத்துக்கு 'மாமியார்', பாறைக்கு 'தோசை', வளைக்குச் 'சட்டி' என்று முடிவாயிற்று. முயல் சுற்றுமுற்றும் பார்த்தது. பொந்தில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னது:

"மாமியாருக்குப் பின்னால, கருகின தோசைக்கு அடியில சட்டி இருக்கு."

பக்கத்து மரத்தில் இருந்த குரங்கு இதைக் கேட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டது. முயலுக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்படியாக அந்த ரகசியம், ஒரு சொல்கூட வெளியே சிந்தாமல், மிகப் பத்திரமாக நரியிடம் போய்ச் சேர்ந்தது.

சற்று நேரத்தில் பொந்துக்குள் கடகடவென்று சத்தம். ஒரு களிமண் உருண்டை வந்து முயலின் காலடியில் விழுந்தது. ஆமையின் முத்திரை. யானையின் கால் நகத் தடம்.

"யாராவது கூப்பிட்டீங்களா?" என்றது ஒரு குரல்.

முயல் பொந்தில் வாயை வைத்தது. "அண்ணே... அப்போ இவ்வளவு நேரம் பேசினது?"

"எவ்வளவு நேரம்? நான் இப்பத்தானே வர்றேன்."

முயல் சங்கேதத்தை எல்லாம் மறந்தது. "புளியமரத்துக்குப் பின்னால! கரும்பாறைக்கு அடியில! ஓடுங்க அண்ணே, நரி போயிடுச்சு!" என்று அலறியது.

அங்கே நரி வளை வாசலில் உட்கார்ந்து, முயல் குரலில் கொஞ்சிக்கொண்டிருந்தது. "கண்ணுங்களா, அம்மா வந்திருக்கேன். வெளிய வாங்க."

"காதைக் காட்டு," என்றது உள்ளே இருந்த மூத்த குட்டி.

தாய் முயலின் இடக்காதில், முள் கிழித்த பிளவு ஒன்று உண்டு. அந்தக் காதோ, ஆமையின் முத்திரையோ உள்ளே வந்தால்தான் குட்டிகள் வெளியே வரும். தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கியதும் முயல்தான்.

"காது மழையில நனைஞ்சு போச்சுடா செல்லம்," என்றது நரி.

"பரவாயில்லம்மா. காயட்டும், காத்திருக்கோம்."

நரி அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நிலம் அதிர்ந்தது. நரி வாலைப் பிடித்துத் தூக்கப்பட்டு, ஓடையில் போடப்பட்டது. அது நீந்திப் போனபோது கத்திய குரல் மட்டும் அதன் சொந்தக் குரல்.

 யானை முதலில், ஆமை முத்திரை குத்திய இன்னொரு களிமண் உருண்டையை வளைக்குள் உருட்டியது. குட்டிகள் அதை நிதானமாக முகர்ந்து பார்த்து, ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

வெள்ளத்தில் இறங்கி நடந்து, குட்டிகளை முதுகில் சுமந்து யானை இக்கரை சேர்ந்தது. முயல் அழுதுகொண்டே ஓடி வந்தது. "என் கண்ணுங்களா! இறங்கி வாங்க!"

குட்டிகள் இறங்கவில்லை.

"காதைக் காட்டு," என்றது மூத்தது.

முயல் சொட்டச் சொட்ட நனைந்திருந்த தன் இடக்காதை நிமிர்த்திக் காட்டியது.

நீதி: ரகசியத்தைப் பூட்டிக் கொடுக்கும் முன், வாங்கிக்கொள்வது யார் என்று பார்.