பிள்ளையாருக்கு முன்னால் ஒரு பிள்ளையார்

நெல்லிவனம் என்ற நாட்டை முன்னொரு காலத்தில் கோதண்டவர்மர் என்றொரு ராசா ஆண்டார். நல்ல மனுஷர். காலையில் ஒரு புத்தி, சாப்பிட்டுக் கைகழுவினால் வேறொரு புத்தி, அவ்வளவுதான் குறை.

அவருக்குத் திடீரென்று தங்கத்தில் பிள்ளையார் செய்து கோயில் கட்டும் ஆசை வந்தது. சிலைக்கு அளவு சொன்னவர் வித்யாகரர் என்ற பண்டிதர். ராசா எப்போதும் அமைச்சர் தேவநாயகத்தின் பேச்சைத்தான் கேட்கிறார் என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். தன் வார்த்தையும் ஒருநாள் சட்டமாக வேண்டாமா? மெல்ல ஆரம்பித்தார்.

"மகாராஜா, தும்பிக்கை வளைவைக்கூட நாம் விரலளவு பார்த்துச் செய்கிறோம். ஊர்ச் சனமோ மஞ்சளைப் பிடித்து வைத்து, கண்ணுமில்லை மூக்குமில்லை, பிள்ளையார் என்கிறது. தெய்வ நிந்தனை இல்லையா?"

"ஆமாம் ஓய்!" என்றார் ராசா. மறுநாளே தண்டோரா: முகமில்லாத பிள்ளையாரைப் பிடிக்கிறவர் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

முதலில் மாட்டியவள் உப்பு விற்கும் செவந்தி. இரண்டு நாளில் மகளுக்குக் கல்யாணம். பந்தக்கால் நட மஞ்சள் பிள்ளையார் பிடித்திருந்தாள். சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"சட்டம் தெரியாதா?"

"தெரியும் சாமி. அதுக்காக அவரைக் கூப்பிடாம பந்தக்கால் நட்டா, சம்பந்திவீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

சபை சிரித்தது. ராசா சிரிக்கவில்லை. "குடும்பத்தோடு எல்லை தாண்டு."

"கல்யாணத்தை மட்டும் முடிச்சுட்டுப் போறேன் சாமி. பந்தல் போட்டாச்சு. பலகாரமும் சுட்டாச்சு." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அமைச்சர் எழுந்தார். "தண்டனை சரி மகாராஜா. ஆனால் நாளைக் காலை தங்கப் பிள்ளையாருக்குப் பிரதிஷ்டை. அது முடியும்வரை ஒருத்தியை அழவிட்டு அனுப்புவது மங்கலமில்லை. முடிந்த கையோடு நானே அனுப்பி வைக்கிறேன்."

"அமைச்சருக்கு இளகின மனசு!" என்று நக்கலடித்தார் வித்யாகரர்.

விடிந்தது. மேளம் முழங்கியது. தங்கப் பிள்ளையார் தகதகவென்று உட்கார்ந்திருந்தார். குருக்கள் மட்டும் மணையில் சும்மா இருந்தார்.

"என்ன குருக்களே, முகூர்த்தம் போகிறதே!"

"முதலில் மஞ்சள் பிள்ளையார் பிடிக்கணும் மகாராஜா. எந்தப் பூஜைக்கும் அதுதான் ஆரம்பம், இந்தப் பிள்ளையாருக்கும்தான். பிடித்தால் நான் எல்லை தாண்டணும். எனக்கு நாலு பெண்கள்."

வித்யாகரருக்கு அளவெல்லாம் அத்துப்படி. மணையில் உட்கார்ந்து ஒரு பூஜை செய்து பழக்கமில்லை. ராசா அமைச்சர் பக்கம் திரும்பினார். அமைச்சர் கோபுரத்துப் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேற்றே சொல்லியிருக்கலாமே ஐயா!"

"நேற்று மகாராஜா இன்னும் சாப்பிட்டு எழுந்திருக்கவில்லை. போகட்டும், பண்டிதர் இருக்கிறாரே! முகத்தோடு ஒன்று பிடிக்கட்டும். சட்டமும் நிற்கும், பூஜையும் நடக்கும்."

வித்யாகரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தும்பிக்கை வைத்தார், உதிர்ந்தது. தண்ணீர் விட்டார், தொந்தி சரிந்தது. காதை இழுத்தார், கன்னத்தை அமுக்கினார். கடைசியில் என்னவோ ஒன்று உட்கார்ந்து அவரையே முறைத்தது.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "வால் ஒண்ணுதான் சாமி பாக்கி!"

ராசாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். "அந்த உப்புக்காரம்மாவைக் கூப்பிடுங்கள்!"

செவந்தி வந்தாள். கொஞ்சம் மஞ்சள், மூன்று சொட்டுத் தண்ணீர், ஒரே பிடி. உச்சியில் ஓர் அறுகம்புல்.

"முகம் எங்கேம்மா?"

"எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியும். நடுவுல மூக்கு எதுக்கு சாமி?"

ராசா குருக்களைப் பார்த்துத் தலையசைத்தார். குருக்கள் மணியடித்தார். தங்கப் பிள்ளையார் தம் முறை வரும்வரை காத்திருந்தார்.

சட்டம் அங்கேயே செத்தது. மறுநாள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை அரண்மனையிலிருந்து போனது. மஞ்சள் அரைத்தவர் வித்யாகரர். அது ராசாவின் கட்டளை. பிடித்து வைத்தது ராசா. அது அவருடைய ஆசை.

தாலி ஏறி எல்லாம் முடிந்ததும் செவந்தி அந்தப் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைத்தாள். ராசாவுக்கு முகம் வாடியது. "நான் பிடித்ததும்மா அது."

"வந்த வேலை முடிஞ்சுது சாமி. அவரைப் போக விடணும்ல."

ராசா பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். எழுந்துபோய்த் தேய்த்துத் தேய்த்துக் கைகழுவினார். மஞ்சளும் போகவில்லை, புத்தியும் மாறவில்லை.