இனிப்புக் கூடிய ஏல்

புவனேந்திரன் ஏல் என்ற பியர் வகையைக் காய்ச்சப் பழக வந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. அதுவரை ஒரு சொட்டு மதுவும் அவர் குடித்ததில்லை.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊர். வீட்டில் பியர் காய்ச்ச விரும்புகிறவர்களுக்கு அங்கே சுகிர்தா என்ற யாழ்ப்பாணத்துப் பெண் தன் கராஜில் வகுப்பு நடத்திவந்தார். புவனேந்திரனைவிட இருபது வயது இளையவர். முதல் நாளிலிருந்தே புவனேந்திரன் அவரை ரீச்சர் என்றுதான் அழைத்தார்.

“குடிக்காத ஆள் ஏன் அண்ணை இதைப் பழக வாறியள்?” என்று சுகிர்தா கேட்டார்.

“மருமகனுக்கு.”

“கடையில வாங்கிக் குடுக்கலாமே?”

“வாங்கேலாது. மில்வார்டன் எண்டு ஒரு ஏல். அதைக் காய்ச்சின இடத்தை மூடிப்போட்டாங்கள்.”

பிறகு தயங்கித் தயங்கி மிச்சத்தையும் சொன்னார்.

நாலு வருடத்துக்கு முன் மகள் ஆரணி, தான் கட்டப்போகும் கரெத்தை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தாள். வெள்ளைக்காரப் பையன். தனக்கு மிகவும் பிடித்த மில்வார்டனில் இரண்டு போத்தல் கொண்டுவந்து மரியாதையாக மேசையில் வைத்தான். புவனேந்திரன் எழுந்தார். இரண்டையும் திறந்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கவே குசினித் தொட்டிக்குள் ஊற்றினார். கல்யாணத்துக்கும் அவர் போகவில்லை. மகள் அதன்பின் அந்த வீட்டுக்கு வரவில்லை.

“ஊத்தினதைத் திருப்பிக் குடுக்கவேணும் ரீச்சர். அதே ருசியில.”

சுகிர்தா ஒரு பெரிய வாளியை அவர் கையில் கொடுத்தார்.

“முதல்ல இதைக் கழுவுங்கோ.”

புவனேந்திரன் மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்றவர். அளவில் பிசகாத கை. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தார். கசப்புக்கு ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்தார். ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடிவைத்துக் காத்திருந்தார். ருசி பார்ப்பது மட்டும் சுகிர்தாவின் வேலை. அவருக்கு மில்வார்டன் நன்றாகத் தெரியும்.

“தண்ணி மாதிரி இருக்கு,” என்றார் முதல்முறை.

அடுத்தமுறை, “இனிப்புக் கூடிப்போச்சு. கசப்புக் காணாது.”

புவனேந்திரன் முகம் சுருங்கிப்போகும். ஆனாலும் மறுவாரம் வாளியைக் கழுவிக்கொண்டு நிற்பார்.

மூன்றாவதைச் சுகிர்தா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“அண்ணை, இது மில்வார்டன்தான்.”

புவனேந்திரன் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

“நாளைக்கே கொண்டுபோறன்.”

“போய் என்ன சொல்லுவியள்?”

“நான் ஏன் சொல்லவேணும்? குடிச்சா அவனுக்கு விளங்கும்.”

சுகிர்தா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வந்தார்.

“இதைக் கொண்டுபோங்கோ.”

“இது அந்த இனிப்புக் கூடினதல்லோ?”

“ஓம்.”

“சரியா வந்தது இருக்கேக்க பிழைச்சதையோ குடுக்கிறது?”

“என்னை ரீச்சர் எண்டுதானே கூப்பிடுறியள்?”

அவருக்குக் கோபம் வந்தது. போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு, போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

மறுநாள் பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிட நினைத்தார். ஒருநாள் ஊற்றி அவமானப்படுத்தியாயிற்று. இன்று கெட்டதைக் கொடுத்து அவமானப்படுத்துவதா?

கரெத் கதவைப் பாதி திறந்தான். மாமனாரைக் கண்டதும் கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை.

“ஆரணி வேலைக்குப் போய்விட்டாள்,” என்றான்.

புவனேந்திரன் போத்தலை நீட்டினார். சும்மா கொடுத்துவிட்டுத் திரும்ப முடியவில்லை. அதன் குறையைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

“மில்வார்டன் காய்ச்சிப் பார்த்தேன். சரியாக வரவில்லை.”

கரெத் போத்தலைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

“நீங்களா காய்ச்சினீர்கள்?”

“நான்தான்.”

“எதில் பிழை வந்தது?”

“குடித்துப் பார். நீதான் சொல்லவேண்டும்.”

அவன் கதவை முழுதாகத் திறந்தான்.

குசினி மேசையில் உட்கார்ந்து கிளாஸில் ஊற்றிக் குடித்தான். முகம் கோணியதை மறைக்கப் பார்த்தான், முடியவில்லை.

“இனிப்பு. மிகவும் இனிப்பு.”

“எவ்வளவு கூட?”

கரெத் சொல்லத் தொடங்கினான். மில்வார்டனில் முதலில் சுட்ட பாண் ரொட்டி வாசம் வரும். விழுங்கிய பிறகு கசப்பு மெல்ல வந்து நாக்கில் நிற்கும். சொல்லிக்கொண்டே போனவன் சட்டென நிறுத்தி, “நீங்கள் குடித்துப் பார்க்கவில்லையா?” என்று கேட்டான்.

“இல்லை.”

ஒரு கிளாஸில் விரலளவு ஊற்றி அவர் பக்கம் தள்ளினான். புவனேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

“இருமல் மருந்து மாதிரி இருக்கிறது.”

கரெத் சிரித்துவிட்டான். அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

“அன்றைக்கு நான் ஊற்றியது…” என்று தொடங்கினார்.

கரெத் கிளாஸைத் தூக்கி இன்னொரு வாய் குடித்தான்.

“அது இதைவிட நன்றாக இருந்தது,” என்றான். பிறகு, “அடுத்தமுறை ஹாப்ஸைக் கூட்டவேண்டும். நானும் வருகிறேன்,” என்றான்.

ஆரணி வந்து கதவைத் திறந்தபோது குசினியில் இருவரும் ஹாப்ஸ் அளவுபற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். கோட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

“அப்பா, தேத்தண்ணி குடிச்சீங்களோ?”

அடுத்த வகுப்புக்கு வந்த புவனேந்திரன் நடந்ததையெல்லாம் சுகிர்தாவிடம் சொன்னார். சுகிர்தா வாளியைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆனா ரீச்சர், சரியா வந்ததைத் தந்திருந்தா அவன் இன்னும் சந்தோசப்பட்டிருப்பானே?”

“பட்டிருப்பார்.”

“பிறகேன் தரேல்லை?”

சுகிர்தா குழாயை மூடினார்.

“அதை அவர் வாசலிலயே வாங்கி, நன்றி சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பார், அண்ணை.”