கும்பகர்ணன் அண்டாவும் மூன்று ஃப்ரேம்வொர்க்கும்

எல்லாம் உன்னால் வந்த வினை, கோயம்புத்தூர் ஐயா. பெயரைச் சொல்லி உன்னைப் பெரிய ஆளாக்கப் போவதில்லை. ஏசி அறையில் சாய்ந்துகொண்டு போனில் நாலு வார்த்தை உதிர்த்துவிட்டு நீ பாட்டுக்கு வைத்துவிட்டாய். அந்த நாலு வார்த்தை யார் காதில் விழுகிறது என்று கொஞ்சம் யோசித்திருந்தால் தாராபுரத்தில் இவ்வளவு களேபரம் நடந்திருக்காது.

செங்கமலம் அங்கே பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவள். வடைச்சட்டி தேய்க்கப் போன கடையையே பிற்பாடு பேரம் பேசி வாங்கியவள். அவள் வாயைத் திறந்தால் எதிராளி பாதி இறங்குவான், முறைத்தால் மீதியும் இறங்குவான். அவளிடம் கும்பகர்ணன் என்று ஒரு பித்தளை அண்டா உண்டு. ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைக்க அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். போன ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்கு அதை இரண்டு வீட்டுக்கு ஒத்துக்கொண்டு, இரண்டு சம்பந்தி வீட்டாரிடமும் வாங்கிய வசவில் அவள் காது இன்னும் அடைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் இப்படி நடந்தால் வாசப்படி மிதிக்க மாட்டோம் என்று ஊரே சொல்லிவிட்டது. ஒருவர் தேதி பிடித்தால் மற்றவருக்குக் கதவைச் சாத்திவிடுகிற வெப்சைட் ஒன்று வேண்டும் என்று கிளம்பினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஞானவேலு, திருமூர்த்தி, சடையப்பன் என்று மூன்று பேர் சாப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தார்கள். தங்கமான பையன்கள். சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள். வில்லங்கமே அதுதான்.

வெப்சைட் கட்டுமுன் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃப்ரேம்வொர்க்கைப் பிடிக்க வேண்டுமாம். பந்தலுக்குக் கால் நடுவது மாதிரி. ரியாக்ட், ஆங்குலர், வியூ என்று மூன்று இருந்தது. எது என்று தெரியாமல், பெரிய கம்பெனியில் இருக்கிற ஆளாச்சே என்று உனக்குப் போன் போட்டார்கள். நீ என்ன சொன்னாய்? “எடை கம்மியா இருக்கணும், கம்யூனிட்டி நல்லா இருக்கணும். பாத்து எடுங்க.” அவ்வளவுதான். எடை என்றால் கோப்பு சின்னதாக இருப்பது, கம்யூனிட்டி என்றால் அதை வைத்து வேலை செய்கிற கூட்டம் என்று விளக்கவில்லை. வைத்துவிட்டாய்.

மூன்றையும் மூன்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு நகைக்கடைத் தராசுக்குப் போனார்கள்.

“மூணும் ஒரே எடைதானுங்க,” என்றார் ஆசாரி.

“எதுவுமே ஏத்தாத பென் டிரைவ் ஒண்ணு வச்சுப் பாருங்க,” என்றான் திருமூர்த்தி. அதுவும் அதே எடை.

ஞானவேலு வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். “அப்ப மூணுக்குமே எடை இல்லை. நம்ம அதிர்ஷ்டம்.”

“வியூவோட மூடியக் கழட்டுனா இன்னும் கம்மியாகுது,” என்றான் சடையப்பன்.

“மூடியில்லாமக் குடுத்தா செங்கமலம் அக்கா ஒத்துக்குமா?” என்றான் திருமூர்த்தி.

இந்தச் சந்தேகம் தீராததால் எடையை விட்டுவிட்டுக் கம்யூனிட்டிக்கு வந்தார்கள். நம்மூரில் கம்யூனிட்டி என்றால் சாதி. அதற்கென்று சர்டிபிகேட் உண்டு. நேரே இ-சேவை மையத்தில் போய் வரிசையில் நின்றார்கள்.

“யாருக்கு சர்டிபிகேட்டு?” என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.

“ரியாக்டுக்குங்க.”

வடநாட்டுப் பெயர் என்று நினைத்துக்கொண்டு அவள் தட்டினாள். “பொறந்த ஊரு?”

“அமெரிக்காங்க.”

“அப்பா பேரு?”

“அது ஓப்பன் சோர்ஸுங்க,” என்றான் ஞானவேலு பணிவாக. “ஆயிரக்கணக்கான பேரு சேந்து உண்டாக்குனது.”

அந்தப் பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். “அண்ணா, இது பொம்பளைங்க வேலை செய்யற இடம். மரியாதையா எந்திரிச்சுப் போயிருங்க.”

விஷயம் செங்கமலத்தின் காதுக்கு வந்தது. ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படி அதிர ஏறினாள். உள்ளே மூன்று பேரும் மூன்று மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏன்டா, பொண்ணு பாக்கறவங்க கூட இத்தனை விசாரிக்க மாட்டாங்களே.”

“எனக்கு ரியாக்டுங்க்கா. இவனுக்கு ஆங்குலர். சடையன் வியூவுல நிக்கறான். ஒத்து வரலைங்க்கா,” என்றான் ஞானவேலு.

“ஒத்து வரலைன்னா ஆளுக்கொண்ணாக் கட்டித் தொலைங்கடா,” என்று கத்திவிட்டு இறங்கிப் போனாள்.

ஆளுக்கொன்றாகக் கட்டினார்கள். மூன்றும் பளபளவென்று இருந்தன, மூன்றிலும் செங்கமலம் கைகூப்பிச் சிரித்தாள். ஒன்றில் யார் தேதி பிடித்தார்கள் என்று மற்ற இரண்டுக்கும் தெரியாது. அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் கும்பகர்ணனைக் கேட்டு மூன்று வண்டி வந்து நின்றது. போன வருஷம் இரண்டு வீடு. இந்த வருஷம் முன்னேற்றம்.

“என்னம்மா, வெளையாடறீங்களா?” என்றார் ஒரு பெண்ணின் தகப்பனார். மற்ற இரண்டு பேரும் அதற்கு மேலே பேசினார்கள்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்திருந்த மூன்று பையன்கள் பக்கம் செங்கமலம் திரும்பினாள். “இப்ப என்னடா பண்ணச் சொல்றீங்க? அண்டாவ மூணா அறுத்தா குடுக்கறது?” என்று பல்லைக் கடித்துக் கேட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

அன்றைக்கு அவள் பேசிய பேச்சை ஊர் மறக்காது. ஒரு வீட்டுக்குச் சின்ன அண்டாக்களைத் தள்ளிவிட்டு, பந்தலில் சீரியல் விளக்கு சும்மா போடுவதாக வாயை அடைத்தாள். இன்னொரு வீட்டு விருந்தைச் சாயங்காலத்துக்கு மாற்றி, அதுதான் கௌரவம் என்று அவர்களையே சொல்ல வைத்தாள். கும்பகர்ணன் காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம். மூன்று வீட்டாரும் கும்பிட்டுத் தலையாட்டினார்கள். பிழைத்தோம் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்டாவைத் தூக்கிவிடக் கொல்லைக்கு வந்தாள்.

பக்கத்துப் பட்டறை ஆள் வெட்டுகிற மெஷினின் ஒயரைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சொன்ன மாதிரியே அண்டாவ மூணு கம்போனன்ட்டாப் பிரிச்சாச்சுங்க்கா,” என்றான் ஞானவேலு, வியர்வையோடு. “மேல் வளையம் ரியாக்டுக்கு, நடு வளையம் ஆங்குலருக்கு, அடித்தட்டு வியூவுக்கு. இனி எந்த வெப்சைட்டும் ஒண்ணோடொண்ணு மோதாது.”

“ரெண்டுல மட்டும் அடி இல்லைங்க்கா,” என்றான் சடையப்பன். “சின்ன குறைதான்.”

ஐயா, போனை எடு. எத்தனை தடவை அடித்தாலும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். மீட்டிங்கைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து சேர். வந்து இந்த மூன்று துண்டையும் உன் கையாலேயே பற்றவைத்துக் கொடு. நீ வருகிறவரைக்கும் அடுக்கின வளையங்களைச் சுற்றி உட்கார்ந்து, சாம்பார் ஒழுகாமல் உள்ளங்கையால் அடைத்துக்கொள்வதாக மூன்று பேரும் முடிவு செய்திருக்கிறார்கள். சீக்கிரம் வா. கல்யாண வீட்டில் பருப்பு கொதிக்க ஆரம்பித்துவிட்டது.