பின்பாரம்

"அக்கா, என் பொண்டாட்டிக்கு நீங்கதான் புத்தி சொல்லணும்."

பாறையடி அக்கா விறகு பிளந்துகொண்டிருந்தாள். கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"அவளுக்கு என்ன குறை?"

"என்கூட வண்டியில ஏற மாட்டேங்கிறா."

மலைப்பாதையின் நடுவழியில், பெரிய பாறை ஒன்றின் கீழே கொட்டகை போட்டு இருப்பவள் என்பதால் அந்தப் பெயர். வந்திருந்த பொன்னுரங்கத்தைவிட வயதில் இளையவள். ஆனாலும் அந்த மலையில் எல்லாருக்கும் அவள் அக்கா. எல்லாரும் அவளுக்கு 'நீ'. ஆசி வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் வசவு வாங்கிக்கொண்டு போனார்கள். போனவர்கள் மறுபடி வந்தார்கள்.

பொன்னுரங்கம் நிற்க முடியாத கோபத்தில் இருந்தான். அங்குமிங்கும் நடந்துகொண்டே சொன்னான்.

அவனும் மனைவி தவமணியும் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர்கள். இரும்புக் குழாய், தகரம், அண்டா, ஒரு ஜெனரேட்டர். அத்தனையையும் டிரெய்லரில் ஏற்றி, பழைய பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி, மலையூர்க் கல்யாணங்களுக்கு இழுத்துப் போவார்கள். ஓட்டுவது அவன். கயிறு கட்டுவதும் பந்தல் போடுவதும் கல்யாண வீட்டாரிடம் பேசுவதும் அவள்.

நேற்று மலை இறங்கும்போது ஒரு வளைவில் டிரெய்லர் வாலை ஆட்டியது. தவமணி நிறுத்தச் சொன்னாள். நிறுத்தியதும் இறங்கினாள். நடந்து, வழியில் வந்த பஸ்ஸில் ஏறி, அடிவாரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தொழிலும் வேண்டாம், அந்த ஆளும் வேண்டாம், உயிர் இருந்தால் போதும் என்று அண்ணன் மூலம் போனில் சொல்லிவிட்டாள்.

"உயிராம். இப்ப யாரு செத்துப்போனா? இத்தனை வருஷமா இழுக்கிறேன், ஒரு நாள் கவுந்திருக்கா? குடும்பத்தோட மொத்த பாரமும் என் முதுகுமேல. அதுக்கு இதுவா மரியாதை?"

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

அக்கா கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள்.

"வண்டியைக் காட்டு."

பாதை ஓரத்தில் நின்றது வண்டி. வர்ணம் போன பழைய பிக்கப். பின்னால் மலைபோல் டிரெய்லர். ஆனால் பிக்கப் மட்டும் மாப்பிள்ளைபோல் நிமிர்ந்து நின்றது. பின்பக்கம் ஒரு விரற்கடைகூடத் தாழவில்லை.

"இவ்வளவு சாமான் இழுக்குது. முதுகு வளையலையே?"

பொன்னுரங்கத்தின் முகத்தில் அன்று முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அதுதான் தொழில் என்றான். வண்டிக்கு வயதாகிவிட்டது, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்துவிட்டன. டிரெய்லரின் முன்பக்கம் பாரம் வைத்தால் கொக்கி அழுத்தி வண்டி உட்கார்ந்துவிடும். பார்க்கிறவன் கிழட்டு வண்டி என்று சிரிப்பான். அதனால் ஜெனரேட்டரை டிரெய்லரின் கடைக்கோடிக்குத் தள்ளிவிடுவான். கொக்கிமேல் பாரமே தெரியாது.

"தவமணி ஒண்ணும் சொல்லலையா?"

சொல்வாள். அவள் அப்பன் மாட்டுவண்டிக்காரன். முன்பாரம் வையுங்க, முன்பாரம் வையுங்க என்று ஏற்றும்போதெல்லாம் நச்சரிப்பாள். மாட்டுவண்டியும் பிக்கப்பும் ஒன்றா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவான்.

அக்கா முன்கதவைத் திறந்து தவமணியின் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஓட்டு."

சமதரையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பார்த்தீங்களா என்பதுபோல் அவன் திரும்பிப் பார்த்தான்.

இறக்கம் வந்தது.

முதலில் ஒரு சின்ன உதறல். பிறகு டிரெய்லரின் வால் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது. போகும்போது பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் பிரேக்கை மிதித்தான். ஆட்டம் கூடியது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் வண்டி மறுபக்கம் போனது. பின்னால் இருந்தது முன்னால் இருந்ததை ஓட்டியது.

பொன்னுரங்கம் ரோட்டைத் திட்டினான். ரோடு போட்டவனைத் திட்டினான். தவமணியை, அவள் அண்ணனை, அண்டாக்களைத் திட்டினான்.

"பயப்படாதீங்க அக்கா."

"பயமா இருக்கு."

"நான் இருக்கேன்ல?"

"அதனாலதான்."

தடுப்புச் சுவரை உரசி, கொஞ்சம் சமமாக இருந்த ஒரு திருப்பத்தில் வண்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

அக்கா இறங்கினாள்.

"சக்கரத்துக்கெல்லாம் கல்லு போடு."

போட்டான். அவள் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு கொக்கியிடம் போனாள். டிரெய்லரையும் பிக்கப்பையும் பிணைத்திருந்த இரும்பு ஆணியைக் கீழிருந்து தட்டினாள். அது அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தாள். ஆணி தெறித்தது.

டிரெய்லரின் முன்கம்பி அவள் தலைக்குமேல் எகிறியது. பின்பக்கம் படாரென்று தரையில் குந்தியது. அண்டாக்கள் உருண்டு ரோட்டில் விழுந்தன. ஒன்று சுற்றிச் சுற்றி நெடுநேரம் சத்தம் போட்டது.

"பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினான் பொன்னுரங்கம். அக்காவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

அக்கா அவனைவிடப் பெரிதாகக் கத்தினாள்.

"அண்ணாந்து பாருடா. அந்தப் பாரம் உன்மேல எங்கடா இருந்துச்சு?"

அவன் அண்ணாந்து பார்த்தான். கம்பி வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

அக்கா மலையேறத் தொடங்கியிருந்தாள்.

"என்னை இப்படி விட்டுட்டு எங்க போறீங்க?"

"நடந்து போறேன். உன் பொண்டாட்டி மாதிரி."

வசவுகூட மிச்சம் இல்லாமல் அவன் ரோட்டில் உட்கார்ந்தான். அண்டாக்களைப் பொறுக்கி ஓரம் கட்டினான். ஜெனரேட்டரைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தான். அசையவில்லை. ஒற்றை ஆளுக்கு அது அசையாது. இத்தனை வருஷமும் அதை ஏற்றும்போது இன்னொரு தோள் கூட இருந்தது.

அடிவாரம் போகிற பஸ்ஸில் ஏறினான்.

மச்சான் வாசலிலேயே மறித்தான். பந்தல் போடுகிறவன் தன் தங்கச்சிக்கே பாடை கட்டப் பார்த்தான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். பொன்னுரங்கத்துக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பதில் சொல்லாமல் நின்றான். அது அவனுக்குக் கனத்தது.

தவமணி வெளியே வந்தாள்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஆணியப் புடுங்கிட்டாங்க."

"அப்புறம்?"

"தூக்கிட்டு நிக்குது."

அவளுக்குப் புரிந்தது. முகத்தில் இரக்கம் எதுவும் வரவில்லை. செருப்பை மாட்டினாள். சாமானைச் சரிசெய்ய மட்டும்தான் வருகிறேன், வண்டியில் ஏற அல்ல என்று அண்ணனுக்குச் சொல்வதுபோல் அவனுக்குச் சொன்னாள்.

மலையேறும் பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

திருப்பத்தில் இறங்கியதும் வேலை தொடங்கியது. குழாய்களில் பாதியை இறக்கி ஓரமாக அடுக்கச் சொன்னாள், அடுத்த நடையில் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். ஒரே நடையில் போகும் சாமானுக்கு இரண்டு நடையா என்று அவன் ஆரம்பித்தான். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். இறக்கினான்.

ஜெனரேட்டரின் அடியில் குழாய்களை உருளையாகக் கொடுத்து, ஒருவர் நெம்ப ஒருவர் தள்ளினார்கள். அவன் நெம்பிய விதத்துக்கு அவள் திட்டினாள். அவள் தள்ளிய வேகத்துக்கு அவன் திட்டினான். அது முன்னால் வர வர, உயர்ந்து நின்ற கம்பி மெல்ல மெல்ல இறங்கியது. இறங்கியதைக் கொக்கியில் மாட்டி ஆணியை அடித்தார்கள். அவள் கயிறு போட்டு இறுக்கினாள்.

பிக்கப்பின் பின்பக்கம் முனகிக்கொண்டு தாழ்ந்தது. முன்பக்கம் லேசாகத் தூக்கியது. இத்தனை வருஷமாக அவன் மறைத்து வைத்திருந்த வயது மொத்தமும் ரோட்டில் தெரிந்தது.

பொன்னுரங்கம் இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். கோபம் மறுபடி வந்தது.

"நல்லாப் பாரு. இப்படியே ஊருக்குள்ள போனா பாக்கிறவன் என்ன சொல்லுவான்?"

தவமணி கதவைத் திறந்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

"பாரம் இருக்குன்னு சொல்லுவான்."