லில்லிக்கு நடந்த வைத்தியம்

ஒரு ஊர்ல ஒரு அப்பார்ட்மெண்ட் இருந்துச்சு. அதோட மூணாவது மாடி பால்கனியில ரெண்டு தொட்டி. ஒண்ணுல ரோஜா. இன்னொண்ணுல அமரில்லிஸ். நர்சரிக்காரர் சொன்ன அந்தப் பேரு வீட்டுக்காரம்மா வசுமதி வாயில நுழையல. அதனால வீட்டுல அதுக்கு லில்லின்னு பேரு.

லில்லியோட கிழங்கு கழுத்து வரைக்கும் மண்ணுல புதைஞ்சு கிடந்துச்சு. மொத சித்திரையில நாலு செவப்புப் பூ விட்டுச்சு. ஒவ்வொண்ணும் கோயில் ஸ்பீக்கர் மாதிரி. பூ உதிர்ந்ததும் இலைங்க பெல்ட்டு பெல்ட்டா நீண்டு, வெயில்ல சமைக்க ஆரம்பிச்சுது.

"சோறு ஆச்சா?"ன்னு கீழ இருந்து கிழங்கு கேக்கும்.

"இப்பதான் வெயிலே வந்திருக்கு. உனக்கு எப்பப் பாரு சோறு!"ன்னு இலை கத்தும்.

"எனக்கா கேக்குறேன்? அடுத்த வருஷத்துப் பூ இப்பவே உள்ள உக்காந்து பசிக்குதுங்குது."

அந்த வருஷம் வசுமதி ரோஜாவ கவாத்து பண்ணினா. காஞ்ச கொம்ப எல்லாம் கத்திரியால நறுக்கித் தள்ளினா. கொஞ்ச நாள்ல ரோஜா கொத்துக் கொத்தா பூத்துச்சு. வசுமதிக்குத் தலகால் புரியல. அப்படியே லில்லி பக்கம் திரும்பினா.

"என்னங்க, இது இலையாவே வளந்துக்கிட்டு கெடக்கு. இதையும் வெட்டினாதான் பூக்கும்."

புருஷன் கோதண்டம் போன்லேருந்து தலையத் தூக்கல. "வெட்டேன். முடிதானே, வளந்துடும்."

கத்திரி வந்துச்சு.

"அண்ணே, வேணாம்ணே. அது முடி இல்ல, என் அடுப்பு"ன்னு கிழங்கு கெஞ்சிச்சு.

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான் கத்துவீங்க. ரோஜாவக் கேட்டுப் பாரு தம்பி"ன்னுச்சு கத்திரி.

"பொறுத்துக்கோடா குண்டா"ன்னுச்சு ரோஜா. "வெட்டு வாங்கித்தான் நான் ஆளானேன்."

"உனக்குக் கொம்புல பூ. எனக்கு வயித்துல பூ. என்னைய எதுக்கு உன் கூட சேக்குறீங்க?"

சரக். பச்சை இலை அத்தனையும் போச்சு.

கிழங்கு சேத்து வெச்சதத் தின்னு புது இலை விட்டுச்சு. அடுத்த சித்திரையில பூ வரல. "வெட்டினது பத்தல"ன்னு வசுமதி ஒட்ட வெட்டினா. தேங்கா சைஸ்ல இருந்த கிழங்கு பெரிய வெங்காயம் ஆச்சு. அப்புறமும் வெட்டினா. சின்ன வெங்காயம் ஆச்சு.

ஒரு நாள் அவ சொன்னா: "இந்த சித்திரைக்கும் பூக்கலேன்னா பிடுங்கிப் போட்டுட்டு புதினா வெச்சிடப் போறேன்."

கிழங்கு, தலைய நீட்டிக்கிட்டிருந்த குட்டி இலையக் கூப்பிட்டுச்சு. "கையில இருக்கற சோறு ஒருத்தருக்குத்தான் பத்தும். உனக்குக் குடுத்தா பூ வராது, ரெண்டு பேரும் குப்பைக்குப் போவோம். பூவுக்குக் குடுத்தா..."

"குடுத்தா?"

"பூவோட நம்ம கதை முடிஞ்சுது."

"புதினாவுக்கு எடம் விட்டுட்டு சாவறதுக்கு இது மேல்"னு சொல்லிட்டு இலை உள்ளயே சுருங்கிடுச்சு.

சித்திரையில ஒரே ஒரு பூ வந்துச்சு. விரல் நீளம்தான். வசுமதி குதிச்சா, போட்டோ எடுத்தா, ஸ்டேட்டஸ் போட்டா.

"பாத்தியா, சொன்னேன்ல?"ன்னு கத்திரி நெஞ்ச நிமித்திச்சு. "நன்றியெல்லாம் வேணாம் தம்பி."

மண்ணுக்குள்ள தம்பியோட வெறும் தோல்தான் கெடந்துச்சு.

ஸ்டேட்டஸப் பாத்துட்டு எதிர்வீட்டு ஸ்டெல்லா ஓடி வந்தா. "எப்படிக்கா பூக்க வெச்சீங்க? எங்க வீட்டுல ஆறு தொட்டி லில்லி இருக்கு. எல்லாம் தளதளன்னு இலையாவே நிக்குது."

"பாவம் பாக்காம வெட்டணும் ஸ்டெல்லா"ன்னு சொல்லி வசுமதி கத்திரிய எடுத்து அவ கையில குடுத்தா. "இந்தா, இதையே கொண்டு போ. ராசியான கத்திரி."