தையல்சிட்டு தைத்த தேக்கிலைத் திரை

கருங்கல் ஓடைக் காட்டில் சிங்காரி என்றொரு தையல்சிட்டு இருந்தாள். இலையோடு இலையைச் சேர்த்துத் தைப்பது எல்லாத் தையல்சிட்டுகளுக்கும் வரும். சிங்காரிக்கு அதற்கு மேலும் ஒரு வித்தை கைவந்திருந்தது. யாரும் எட்டிப் பார்க்காத பொந்தையும் வளையையும் அவள் அலங்கரித்து வைத்தால், பார்க்க வந்தவர்களுக்கு எழுந்து போக மனம் வராது. ஆந்தை காலி செய்துவிட்டுப் போன நாற்றம் பிடித்த பொந்துக்குக் கிளிகள் போட்டி போட்டதே, அது அவளுடைய வேலைதான். அதற்குப் பிறகு காடு முழுக்க அவள் பெயர் பரவியது. அவளுக்கும் அந்தப் பெயர்மேல் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது.

கோடை முடிகிற நேரம். முள்ளம்பன்றி கூரப்பன் நொண்டிக்கொண்டே அவளைத் தேடி வந்தார்.

கூரப்பனுக்கு ஓடைக்கரையில் மருத மரத்தின் வேருக்கடியில் ஒரு பெரிய வளை இருந்தது. அதை விட்டுவிட்டு மேட்டுச் சரிவுக்குக் குடிபோக வேண்டும் என்று அவர் துடித்துக்கொண்டிருந்தார். ஆனால் முழங்கால் வலியோடு அவரால் புது வளை தோண்ட முடியாது. அதற்கு அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தன் வீட்டை விட்டுக்கொடுத்தால், அதில் குடிவருகிறவர் அவர் காட்டும் இடத்தில் ஒரு புது வீடு தோண்டிக் கொடுக்க வேண்டும். அவசரமாக ஓர் இடம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது வசதி. உடனே குடிவந்துவிட்டு, பிறகு மெல்லத் தோண்டிக் கொடுக்கலாம்.

கூரப்பனின் வளைக்குத்தான் ஆள் சிக்கவில்லை. பெருச்சாளி வந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விட்டது. நரி உள்ளே காலை வைத்ததும், உதிர்ந்து கிடந்த முள் ஒன்று பாதத்தில் ஏறி, ஊளையிட்டுக்கொண்டே ஓடியது. "எப்படியாவது ஒரு ஆளைப் பிடித்துக் கொடு, சிங்காரி. நான் கிழங்கு தோண்டும்போது கிளம்புகிற பூச்சியெல்லாம் உனக்குத்தான்" என்றார் கூரப்பன்.

சிங்காரி போய்ப் பார்த்தாள். வழியெல்லாம் கிழங்குத் தோல். மூலைக்கு மூலை முள். ஒரே இருட்டு. இதெல்லாம் அவளுக்குச் சின்ன விஷயம். உள் அறையின் பின்சுவரைத் தொட்டபோதுதான் அவள் அலகு ஈரமானது. வேர்களுக்கு நடுவே ஒரு விரிசல் ஓடியது. கோடையிலேயே அங்கே மண் சில்லென்று இருந்தது.

கேட்டதற்குக் கூரப்பன் முதலில் மழுப்பினார். பிறகு ஒத்துக்கொண்டார். மழைக்காலத்தில் அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் ஊறி வருமாம். தரையெல்லாம் சேறாகுமாம். அவருடைய முழங்கால் போனதே அந்த ஈரத்தில் படுத்துப் படுத்துத்தானாம். அதனால்தான் அவர் மேட்டுக்குப் போகத் துடிக்கிறார்.

"இது வெளியே தெரிந்தால் யார் வருவார்கள்? நீ மனசு வைத்தால் மறைத்துவிடலாம்" என்று குழைந்தார்.

சிங்காரி கொஞ்சம் தயங்கினாள். ஆனாலும் அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்க, இதை எப்படி மூடலாம் என்று அவள் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு மோசமான வீட்டை யாரும் அலங்கரித்ததில்லை. இதற்கே ஆளைப் பிடித்துவிட்டால் தன் பேரை யாராலும் அசைக்க முடியாது என்று நினைத்தாள். சரி என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த நாளே வேலை ஆரம்பமாயிற்று. முள்ளையும் கிழங்குத் தோலையும் கூரப்பனே ஒன்று விடாமல் பொறுக்கி வெளியே போட வேண்டும் என்று சிங்காரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இத்தனை வருஷமாக இது என் வீடு. என் முள் கிடந்தால் என்ன?" என்று அவர் முனகினார். வீடு பார்க்க வருகிறவர்களுக்குத் தங்கள் குடும்பம் அங்கே இருப்பதுபோலத் தோன்ற வேண்டும், அவர் பல்லால் கடித்துப் போட்டதைப் பார்த்தால் அவர் முகம்தான் ஞாபகம் வரும் என்று சிங்காரி விளக்கினாள். கூரப்பன் முனகிக்கொண்டே பொறுக்கினார்.

சிங்காரி ஓடையிலிருந்து வெள்ளை மணலை வாய் வாயாகக் கொண்டுவந்து வழியில் தூவினாள். வாசலில் வெட்டிவேரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டாள். காற்று அடித்தால் வாசனை உள்ளே வந்தது. வெயில் படுகிற இடமாகப் பார்த்து கண்ணாடிபோல் மின்னும் ஒரு அப்பிரகக் கல் துண்டைச் சாய்த்து வைத்தாள். அது வெளிச்சத்தை உள் அறைக்குத் திருப்பிவிட்டது. கடைசியாக, தேக்கிலைகளைச் சிலந்தி நூலால் சேர்த்துத் தைத்து, பின்சுவர் முழுவதையும் மறைக்கும் ஒரு திரை செய்தாள். இளஞ்சிவப்புத் தளிர்கள் ஓரத்தில் வரும்படி அவள் தைத்திருந்த அழகைப் பார்த்துக் கூரப்பனே வாயைப் பிளந்தார். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, கீரி மாடசாமியும் அவன் மனைவி செண்பகமும் வந்தார்கள். வீடு பார்க்கிற நேரத்தில் யாரும் யாரையும் கடிக்கக் கூடாது என்பது காட்டுச் சட்டம். அதனால் சிங்காரி பயமில்லாமல் அவர்களை உள்ளே அழைத்துப் போனாள். அவர்களுடைய பழைய வளையைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டுவிட்டன. செண்பகத்துக்கு வயிற்றில் குட்டிகள். ஒரு புதருக்கும் இன்னொரு புதருக்குமாக அலைந்து அவள் களைத்துப்போயிருந்தாள்.

வெள்ளை மணலில் கால் வைத்ததுமே அவள் முகம் மாறியது. வெட்டிவேரை முகர்ந்து பார்த்தாள். உள் அறையில் விழுந்த வெளிச்சத்தில் நின்று பார்த்தாள். தேக்கிலைத் திரைக்குப் பக்கத்தில் போய், அப்படியே படுத்துக்கொண்டாள்.

"குட்டிகளை இங்கேதான் போடப் போகிறேன். அக்கா, மழைக்கு உள்ளே தண்ணீர் வருமா?" என்று கேட்டாள்.

சிங்காரி வாசல் பக்கம் திரும்பினாள். பிறகு, "வாசல் எவ்வளவு மேட்டில் இருக்கிறது, பார்த்தாய்தானே?" என்றாள்.

அது பொய் இல்லை. வாசல் மேட்டில்தான் இருந்தது. செண்பகம் திருப்தியாகத் தலையை ஆட்டினாள். மாடசாமி அன்றைக்கே மேட்டுச் சரிவில் கூரப்பன் காட்டிய இடத்தில் தோண்ட ஆரம்பித்தான். அந்த வளை தயாராகும்வரை ஒரு பாறை இடுக்கில் சமாளித்துக்கொள்கிறேன் என்று கூரப்பன் சந்தோஷமாக இடத்தைக் காலி செய்தார்.

சிங்காரியைப் பிடிக்க முடியவில்லை. காடை கூப்பிட்டது, மரங்கொத்தி கூப்பிட்டது. முள்ளம்பன்றி வளையையே முடித்துக் கொடுத்தவள் என்று எல்லோரும் பேசினார்கள். அவளும் ஒவ்வொரு கிளையிலும் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னாள். பின்சுவரை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள்.

ஒரு நாள் காலை மருத மரத்தைத் தாண்டிப் போகும்போது செண்பகம் அவளைக் கூப்பிட்டாள். வயிறு பெருத்து, மெல்ல நடந்து வந்து, சிங்காரிக்காகச் சேர்த்து வைத்திருந்த பூச்சிகளை எடுத்துக் கொடுத்தாள். தன் அம்மாவுக்குக்கூட இப்படியொரு வீடு அமையவில்லை என்றாள். பிறகு உள்ளே அழைத்துப் போய்க் காட்டினாள். திரைக்கு அடியில் மெத்தென்று புல்லைப் பரப்பி, நடுவே குழியாக அழுத்தி, குட்டிகளுக்குப் படுக்கை போட்டிருந்தாள்.

"இந்த இடம்தான் குளுகுளுவென்று இருக்கிறது. பிறந்ததும் கண்கூடத் திறக்காது, பாவம். நல்ல இடமாகப் பார்த்துப் போட வேண்டாமா?" என்றாள்.

சிங்காரி திரையைப் பார்த்தாள். அடியில் இருந்த இலைகள் கறுத்துப்போயிருந்தன. அவள் தைத்த நூல்மேல் சின்னச் சின்ன ஈரத் துளிகள் நின்றன. வெளியே, மேற்கு மலைக்குப் பின்னால் மேகம் திரண்டுகொண்டிருந்தது.

வாயில் வைத்திருந்த பூச்சியை அவள் கீழே போட்டாள். சொல்லாமல் பறந்துவிடலாம். மழை வந்தபின், எனக்கு எப்படித் தெரியும் என்று கூரப்பன்மேல் பழியைப் போட்டுவிடலாம். அவள் வாசல்வரைக்கும் போனாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது செண்பகம் ஒரு புல்லை எடுத்துப் படுக்கையில் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சிங்காரி திரும்பி வந்தாள். திரையின் நூலை அலகால் ஒவ்வொன்றாக அறுத்தாள். தேக்கிலைகள் சரிந்து விழுந்தன. பின்சுவர் கறுப்பாக, பளபளவென்று வியர்த்துக்கொண்டு நின்றது.

"மழை வந்தால் இதில் தண்ணீர் இறங்கும், செண்பகம். எனக்கு முதலிலேயே தெரியும். நீ கேட்டபோது நான் வாசலைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன்" என்றாள்.

செண்பகம் சுவரைப் பார்த்தாள். படுக்கையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று சிங்காரி காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. "மாடசாமியைக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னாள். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மாடசாமி உடம்பெல்லாம் மண்ணோடு ஓடி வந்தான். சுவரைப் பார்த்ததும் அவன் வால் முடியெல்லாம் சிலிர்த்து நின்றது. கூரப்பனும் பின்னாலேயே வந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். கோபத்தில் இரண்டு பேரையும் கடித்துக் குதறிவிடுவான் போலிருந்த மாடசாமி, செண்பகத்தின் வயிற்றைப் பார்த்துத் தணிந்தான்.

"மேட்டில் நான் தோண்டுகிற வளை கட்டாந்தரை. ஒரு சொட்டு ஈரம் கிடையாது. இன்னும் உள் அறைதான் பாக்கி. அது எங்களுக்கு" என்றான்.

கூரப்பன் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்.

மழைக்கு முன் உள் அறை முடிய வேண்டும். மாடசாமி தோண்டினான். அவன் தள்ளிய மண்ணைக் கூரப்பன், வலிக்கிற காலோடு, கேட்காமலேயே வந்து வெளியே வாரினார். சிங்காரி உலர்ந்த புல்லாகப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்து சேர்த்தாள். முதல் இடி இடித்தபோது உள் அறை முடிந்திருந்தது. செண்பகம் அங்கே போய்ப் படுத்தாள். அன்று மாலை கொட்டிய மழையில், மருத மரத்தடி வளையின் பின்சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கி, புல் படுக்கை இருந்த குழியை நிரப்பியது. மறுநாள், மேட்டு வளையில், நான்கு குட்டிகள் பிறந்தன. எல்லாம் காய்ந்த புல்மேல் சுருண்டு கிடந்தன.

கூரப்பன் நனைந்த தன் பழைய வளைக்கே திரும்பினார். சிங்காரியைப் பார்த்தபோதெல்லாம் முள்ளை விரித்துக்கொண்டு போனார். காட்டிலும் செய்தி பரவிவிட்டது. மரங்கொத்தி, இப்போதைக்கு அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டது.

சிங்காரி இரண்டு நாள் தன் கூட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் மருத மரத்தின் உச்சிக் கிளையில் போய் உட்கார்ந்தாள். காட்டுக்கே கேட்கும்படி, "கூரப்பண்ணன் வளைக்கு ஆள் வேண்டும்! இடம் பெரிசு, வாசல் மேடு, பின்சுவரில் மழைக்குத் தண்ணீர் ஊறும்!" என்று கூவினாள்.

குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. கூரப்பன் கீழே நின்று, "என்னை ஒழித்துக்கட்டவே வந்திருக்கிறாயா?" என்று கத்தினார். சிங்காரி நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப அதையே கூவினாள்.

சற்று நேரத்தில் ஓடையில் சளசளவென்று சத்தம் கேட்டது. நீர்நாய் சலங்கன் தன் மனைவி, மூன்று குட்டிகளோடு கரையேறி ஓடி வந்தான். வந்த வேகத்தில் உடம்பைச் சிலுப்பி, கூரப்பனை முழுக்க நனைத்துவிட்டான்.

"தண்ணீர் ஊறும் என்று சொன்னது நிஜமா? வீட்டுக்குள்ளேயேவா?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

சிங்காரி அவர்களை நேரே பின்சுவருக்கே அழைத்துப் போனாள். விரிசலைக் காட்டினாள். ஈரம் எதுவரை ஏறும், தரை எவ்வளவு சேறாகும், கூரப்பனின் முழங்கால் எப்படிப் போனது என்று எதையும் விடாமல் சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குட்டிகள் சேற்றில் வயிற்றை வைத்துச் சறுக்க ஆரம்பித்துவிட்டன. ஓடை வற்றிய நாட்களில் குட்டிகளின் தோல் காய்ந்து அரிக்கிறது, எத்தனை வளை பார்த்தும் எல்லாம் வறண்டு கிடக்கிறது என்று சலங்கனின் மனைவி குறைப்பட்டுக்கொண்டாள். பிறகு கவலையோடு, "மழைக்கு மட்டும்தானா? கோடையில் நின்றுவிடுமா?" என்று கேட்டாள்.

கூரப்பன் முந்திக்கொண்டு, "கோடையிலும் தாராளமாகக் கொட்டும், தாயி" என்றார்.

"கொட்டாது. கோடையில் சில்லென்று ஈரம் மட்டும் இருக்கும்" என்று சிங்காரி திருத்தினாள்.

அதுவே போதும் என்றார்கள் நீர்நாய்கள். சலங்கன் குடும்பமே சேர்ந்து மேட்டுச் சரிவில், கீரிகளின் வளைக்குச் சற்றுத் தள்ளி, கூரப்பனுக்கு ஒரு புது வளை தோண்டிக் கொடுத்தது. வேலையைவிட விளையாட்டுதான் அதிகம் நடந்தது. இருந்தாலும் வளை நன்றாகவே அமைந்தது. காய்ந்த தரையில் படுத்த முதல் வாரத்திலேயே கூரப்பனின் நொண்டல் குறைந்தது. சிங்காரிக்குச் சொன்னபடி பூச்சிகளும் கிடைத்தன.

செண்பகம் மட்டும் வெகுநாள் அவளோடு பேசவில்லை. குட்டிகள் கண் திறந்து, வாசலுக்கு வர ஆரம்பித்த பிறகு, ஒரு காலையில் அவளே ஆள் அனுப்பினாள். பாறைமேல் எட்டி விளையாடும் குட்டிகளைக் காட்டினாள். தன் நாத்தனாருக்கு ஒரு வளை பார்க்க வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டாள்.

"குறை எதையும் மறைக்காமல் சொல்கிறவள் ஒருத்தி கூட வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்" என்றாள்.

சிங்காரி உடனே கிளம்பினாள். வீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் அழகாக அலங்கரிக்கலாம், ஆனால் குறையை மறைத்து ஒருவர் தலையில் கட்டக் கூடாது. உள்ளதை உள்ளபடி சொன்னால் அதற்கு ஏற்றவர்கள் தேடி வருவார்கள்.