சிந்திய சரக்கு

“தாயே, என் நாக்கு செத்துப்போச்சு.”

வந்ததும் வராததுமாக வயிரவன் செட்டியார் சொன்னார்.

குடிலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சடைச்சியம்மாள் நிமிரவில்லை. செட்டியாருக்கு மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் அவருக்கு அந்த அம்மாள்தான் குரு.

“சாப்பாடு இறங்கலையா?”

“என் வீட்டுக்காரி உண்ணாமலை கண்ணை மூடினதிலிருந்து இறங்கலை. அவ வைக்கிற மிளகு ரசம் ஒரு வாய் கிடைச்சாப் போதும். நானே வச்சுப் பாக்குறேன், வரமாட்டேங்குது. என்னமோ ஒண்ணு போடுவா. சொல்லாமப் போயிட்டா.”

“மளிகைக் கடைக்காரருக்கே தெரியாத சரக்கா?”

“கேலி பண்ணாதீங்க, தாயே.”

“சரி, சரக்குன்னா என்ன? அதையாவது சொல்லுங்க.”

செட்டியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“அது ஆளைப் பொறுத்தது. ஓமம், பிள்ளை பெத்தவளுக்கு மருந்து. கிராம்பு, பல்வலிக்காரனுக்குத் தெய்வம். ஒரே ஏலக்காய், கோயில் மடைப்பள்ளிக்குப் போனா பிரசாதம், பாய் வீட்டுக்குப் போனா பிரியாணி மசாலா. எனக்கு எல்லாமே வியாபாரம்.”

“இப்போ உங்க வீட்டுக்கு எது போகும்?”

“முதல் தரம்தான். மிளகு ஒவ்வொண்ணும் முத்து மாதிரி இருக்கும்.”

“ஆச்சி இருந்தப்போ?”

செட்டியாருக்குப் பழைய பொட்டலம் நினைவுக்கு வந்தது.

கடை அடைக்கும்போது மூட்டைகளுக்கு நடுவே சிந்திக் கிடப்பதைக் கூட்டி அள்ளுவார். உடைந்த மிளகு, சீரகம், மல்லி, நாலு வெந்தயம், கிராம்புத் துண்டு எல்லாம் கலந்து கிடக்கும். இது விற்காது என்று பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போவார். உண்ணாமலை அதை முறத்தில் கொட்டி, மண் போகப் புடைப்பாள். கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பாள்.

“இன்னைக்குச் சரக்கு நல்லாருக்கே” என்பாள்.

அத்தனை வருஷமும் அதையேதான் சொன்னாள்.

சடைச்சியம்மாள் எழுந்துபோய், மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துவந்து செட்டியார் கையில் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் அவர் தூக்குவாளியோடு வந்தார். கண் சிவந்திருந்தது. வேட்டியில் கடைத் தூசியும் மஞ்சள் கறையும்.

அம்மாள் ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தாள்.

“புளி கொஞ்சம் தூக்கல், செட்டியாரே.”

செட்டியார் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

“ஆமா தாயே. அவ வச்சாலும் எப்பவும் அப்படித்தான்.”